நாலு பேரும் நாமும்

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. பொருளாதாரம்)

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?”

நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாத நாள் உண்டா? முடி வெட்டிக்கொள்வது முதல் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது வரை இந்த நாலு பேரைக் கலந்துகொள்ளாமல் நாம் எதையும் செய்வதில்லை. யார் இவர்கள், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள், இவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா என்று சிறு வயதில் என் அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன். “கடைசியில தூக்கிட்டுப் போறதுக்கும் அந்த நாலு பேருதான்டா வேணும்” என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஆகவே, ஊரோடு ஒத்து வாழ்வதைக் கேலி செய்ய நான் இக்கட்டுரையை எழுத முற்படவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஒத்துப் போவதற்காகவே கூடியிருக்கிற உறவு என்று ஒன்று இருக்கிறது. அதில் சிரிப்புக்குக் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை, சண்டை கூட வருவதில்லை. ஆனால் அதில் ஒருவரும் தம் மனத்தில் உள்ளதைச் சொல்வதில்லை. இக்கல்லூரியில் சேர்ந்த முதல் இரண்டாண்டுகளும் நான் அப்படிப்பட்ட உறவில்தான் இருந்தேன். அதை விட்டு வெளியே வந்ததையும், என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய சில ஆராய்ச்சிகளையும் மாணவ நண்பர்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் செட்டில் ஏழு பேர். கடைசி இரண்டு பெஞ்சுகள் எங்களுடையவை என்பது பேராசிரியர்களுக்கும் தெரியும். ஒரே கடையில் தேநீர், ஒரே மாதிரி கிராப்பு, ஒரே நடிகர். அந்த நடிகரை எனக்குப் பிடிக்காது. இரண்டாண்டுகள் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. (அவர் யாரென்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்க வேண்டாம்.)

ஏழு பேரில் ஒருவன் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். காலை ஷிப்டில் வகுப்பு, மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொன்று வரை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பரோட்டாக் கடையில் வேலை. அவன் சட்டைக் கையில் எப்போதும் கொஞ்சம் மைதா ஒட்டியிருக்கும். அதை வைத்து எங்கள் செட்டு அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. அவனும் அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

இரண்டாம் ஆண்டில் சமத்துவப் பொங்கல் வந்தது. எங்கள் செட்டு மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏழு பேரும் ஒரே நிறத்தில் சட்டை எடுப்பது என்று முடிவாயிற்று. தனியாகத் தெரிவதற்கு எல்லோரும் ஒன்று போல உடுத்துவது! அப்போது எங்களில் யாருக்கும் அதில் ஒரு வேடிக்கையும் தெரியவில்லை. சட்டையும் வேட்டியுமாக ஆளுக்கு 850 ரூபாய்.

வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். “எனக்கு முடியாதுடா. போன வருச வேட்டி இருக்கு, அதையே கட்டிட்டு வர்றேன்” என்றான் அவன். தலைவன் போல் இருந்தவன் மற்றவர்களைப் பார்த்து, “வேற யாருக்காச்சும் கஷ்டமா இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்றான். நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. அது வட்டமாகச் சுற்றி வந்தது. “இல்ல மாப்ள.” “இல்லடா.” “நமக்கென்ன!” “ஓகே.” நால்வர் சொல்லி முடித்து என்னிடம் வந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த பணம் அம்மா மகளிர் குழுவுக்குத் தவணை கட்ட வைத்திருந்த 900 ரூபாய்தான். அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து பழகியவனாதலால் அவனுக்கும் தெரிந்திருக்கும். அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் கஷ்டந்தான் என்று இரண்டு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். “இல்ல” என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலன்று ஆறு பேர் மாம்பழ மஞ்சளில் நின்றோம். அவன் வெள்ளைச் சட்டையில் ஓரத்தில் நின்றான். மாலையில் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தபோது ஓரத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். ஆறு பேர் மட்டும் இருந்த அந்தப் படத்துக்கு நானும் ஒரு இதயம் போட்டேன்.

அதன் பிறகு சண்டை எதுவும் நடக்கவில்லை. அவன் முன் பெஞ்சுக்குப் போய்விட்டான், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து நுண்ணினப் பொருளியல் வகுப்பு. பிறர் வாங்குகிறார்கள் என்பதற்காகவே ஒரு பொருளின் தேவை கூடுவதை 1950 ஆம் ஆண்டில் ஹார்வி லைபன்ஸ்டைன் என்ற பொருளியலறிஞர் விளக்கிக் காட்டியதை எங்கள் பேராசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். பாடத்தை முடித்துவிட்டு, “இதற்கு அடியில் ஒரு மனநூல் சங்கதி இருக்கிறது, தேர்வுக்கு வராது, கேட்டுக்கொள்ளுங்கள்” என்று சாலமன் ஆஷ் என்பவரின் சோதனையைச் சொன்னார். தேர்வுக்கு வராது என்று தொடங்கியவற்றில் இது ஒன்றுதான் எனக்கு வரிக்கு வரி நினைவிலிருக்கிறது.

ஆஷ் போலந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்குக் குடியேறியவர். 1950களில் அவர் கல்லூரி மாணவர்களை ஏழு முதல் ஒன்பது பேர் வரை ஓர் அறையில் உட்கார வைத்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்றில் ஒரு கோடு. மற்றதில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதல் அட்டையில் உள்ள கோட்டுக்குச் சமமானது மூன்றில் எது? இவ்வளவுதான் கேள்வி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஒவ்வொருவராக வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். இப்படி 18 தடவை.

சூழ்ச்சி எங்கே என்றால், அந்த அறையில் ஒரே ஒருவன்தான் உண்மையில் சோதிக்கப்படுபவன். மற்றவர்கள் எல்லோரும் ஆஷோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டவர்கள். 18 இல் 12 தடவை அவர்கள் அனைவரும் ஒரே குரலில் ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். நம் ஆளின் முறை கடைசியிலோ கடைசிக்கு முன்னாலோ வரும். தன் கண் ஒன்று சொல்கிறது; தனக்கு முன் சொன்ன அத்தனை வாயும் வேறொன்று சொல்கிறது. என்ன செய்வான்?

தனியாக இருந்து பதில் எழுதியபோது இதே கேள்விகளில் நூற்றுக்கு ஒன்று கூடப் பிழை வரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்தபோது, மூன்று கல்வி நிலையங்களைச் சேர்ந்த 123 மாணவர்களின் விடைகளில் 36.8 விழுக்காடு பெரும்பான்மையோடு சேர்ந்து பிழையாயிற்று. ஏறத்தாழ கால்வாசிப் பேர் மட்டும் ஒரு தடவை கூட வழுவவில்லை. இவர்களை யாரும் மிரட்டவில்லை. மதிப்பெண் குறையும் என்று சொல்லவில்லை. பின்னர் விசாரித்தபோது, என் கண்ணில்தான் ஏதோ கோளாறு, அதை மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று நினைத்தேன் என்ற கருத்தில் சொன்னவர்களும் உண்டாம். இதைக் கேட்டபோது வேப்ப மரத்தடி என் கண்முன் வந்தது. ஏழ்மையையும் நான் அப்படித்தான், என் ஒருவனுடைய கோளாறு என்று மறைத்தேன்.

இனி வருவதுதான் எனக்குப் பெரிய வியப்பு. எத்தனை பேர் சேர்ந்தால் ஒருவனை வளைக்கலாம் என்று ஆஷ் எண்ணிப் பார்த்தார். எதிரே ஒருவன் மட்டும் இருந்தால் ஏறத்தாழ ஒன்றும் நடப்பதில்லை. இருவரானால் 13.6 விழுக்காடு பிழை. மூவரானால் 31.8. அதற்கு மேல் கூட்டத்தைப் பெருக்கினாலும் பெரிதாக ஏறவில்லை. மூன்று பேரும் அவனுமாக, மேசையைச் சுற்றி நாலு பேர்! ‘நானூறு பேர் என்ன சொல்வார்கள்’ என்று நம்மவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மனிதனை அடக்குவதற்கு ஊர் முழுவதும் தேவையில்லை என்பது அப்பாயிக்கு ஆஷைப் படிக்காமலே தெரிந்திருந்தது.

அடுத்து, அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொல்கிற ஒருவனை மட்டும் அவர் உட்கார வைத்தார். ஒரே ஒருவன். பிழைகள் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. அவன் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. கூட்டம் சொன்னதல்லாத வேறொரு தவறைச் சொன்னால்கூட, நம் ஆளுக்கு வாய் திறந்துகொண்டது. எதிர்த்து ஒரு குரல் எழுந்துவிட்டது என்பதே போதுமானதாயிருந்தது.

பேராசிரியர் இன்னொரு துணுக்கும் சொன்னார். சில சோதனைகளில் அந்தத் துணைவன் பாதியில் விலகுகிறான். கல்லூரித் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அறையை விட்டு எழுந்து போய்விட்டால், தனித்து விடப்பட்டவனின் பிழைகள் கூடின என்றாலும் அவ்வளவாகக் கூடவில்லை; போனவனின் துணை அவன் போன பின்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவன் அறையிலேயே இருந்துகொண்டு கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாலோ, பிழைகள் சட்டென்று மேலேறின. நான் எழுந்து போனவன் அல்லன். அங்கேயே உட்கார்ந்து சாய்ந்தவன். அன்று வகுப்பில் முன் பெஞ்சைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

சரி, மற்ற நால்வரும் அன்று மனமொப்பித்தான் “இல்லை” என்றார்களா? அந்தக் கோடையில் ஒருவன் பின் ஒருவனாகத் தனியே பேசும்போது தெரிந்தது. ஒருவன் சிறு மோதிரத்தை அடகு வைத்திருக்கிறான். ஒருவன் பேருந்து நிலையத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்சல் ஏற்றியிருக்கிறான். இன்னொருவன், ‘நீங்களெல்லாம் சுலபமாகக் கொடுத்தீர்களே, எனக்குத்தான் கேவலமாக இருந்தது’ என்றான். ஆக, பணம் நால்வருக்கும் கஷ்டம். நால்வருமே மற்ற மூவருக்கு அது கஷ்டமில்லை என்று நம்பியவர்கள்!

இதற்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1993 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இருவர், மாணவர்களின் குடிப்பழக்கம் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். வளாகத்தில் நடக்கிற குடி தனக்கு அவ்வளவு உவப்பில்லை, ஆனால் மற்ற மாணவர்களுக்கு உவப்பாயிருக்கிறது என்றுதான் மாணவர்கள் பொதுவாகச் சொன்னார்கள். எல்லோரும் அப்படிச் சொன்னால், உவப்பாயிருக்கிற அந்த ‘மற்றவர்’ எங்கே? அவர் இல்லை. நாம் நினைத்துப் பயப்படுகிற நாலு பேர் பல நேரங்களில் நம் மண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். இதில் சிரிப்பதற்கில்லாத பகுதியும் உண்டு. நாளடைவில் ஆண் மாணவர்களின் உண்மையான கருத்தே அந்த இல்லாத பெரும்பான்மையை நோக்கி நகர்ந்தது. வெறும் வேஷமாகத் தொடங்கியது தோலோடு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடிக்காத நடிகரின் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு நானே டிக்கெட் எடுக்கப் போன நாளும் உண்டு.

மேலோட்டமான உறவு எது, ஆழமான உறவு எது என்று எதைக்கொண்டு அளப்பது? கொடுக்கல் வாங்கலுக்காகப் பழகுவது மேலோட்டம், பயன் கருதாமல் பழகுவது ஆழம் என்று பேச்சுப் போட்டிகளில் நாம் முழங்குகிறோம். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் பயனுக்கு, இன்பத்துக்கு, நற்குணத்துக்கு என்று நட்பை மூன்றாகப் பிரித்து, மூன்றாவதையே உயர்த்தினார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்து மொய்யை நினைத்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டங்கண்டது.

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் இந்தப் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். காதுகுத்து, கல்யாணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதே விசேஷம். மேசை போட்டு நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதிக்கொள்வார்கள். செய்தவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் வாங்கிய தொகையோடு மேலும் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கியதை மட்டும் கொத்தாகத் திருப்பிச் செய்தால் ‘கணக்கை முடித்துக்கொண்டான்’ என்று பொருள். அத்தோடு உறவும் முடிந்தது. ஆகவே கணக்கு ஒருபோதும் நேராகக்கூடாது. யாராவது ஒருவர் யாருக்காவது கடன்பட்டே இருக்க வேண்டும். கிணறு வெட்டவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் அடமானமில்லாமல் மொத்தமாகப் பணம் கிடைக்க இது ஒரு வழி. இதில் சிக்கிச் சீரழிந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் இதை மேலோட்டமான உறவு என்று என்னால் சொல்ல முடியாது. கணக்கைக் கணக்கென்றே சொல்லிச் செய்கிற உறவு அது. பாசாங்கில்லை.

2016 ஆம் ஆண்டில் என் தங்கைக்குக் காதுகுத்து. அப்பா வட்டிக்கு வாங்கித்தான் செய்தார். தெருவே அப்படித்தான் செய்தது. முதல் நாள் இரவு, உறவினர் கூடியிருந்த பந்தலில், அப்பாவின் கூட்டாளியான கொத்தனார் மாமா ஒருவர், “கடன் வாங்கிக் கறிச்சோறு போடணுமா மச்சான்? பாயசத்தோட நிறுத்தினா புள்ளைக்குக் காதுல ஓட்டை விழாதா?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டுவிட்டார். அப்பாவுக்கு முகம் செத்துப் போயிற்று. இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை.

2018 நவம்பர் 16 ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. அந்த ஒரே இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை போயிற்று. எங்களுக்கு அறுபது மரம், நாற்பத்தொன்று சாய்ந்தது. மொய் நோட்டில் பெயருள்ளவர்கள் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவரவர் தோப்பில் அவரவர் மரம் கிடந்தது. யார்தான் வர முடியும்? தோப்பில்லாத கொத்தனார் மாமா ரம்பமும் அரிவாளுமாக இரண்டாம் நாள் காலையில் வந்து நின்றார். ‘வா’ என்று யாரும் கூப்பிடவில்லை. நாலு நாள் மரம் அறுத்தார். இரண்டாம் நாள் மதியம் அப்பா சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பேச்சு அங்கே தொடங்கிற்று. காதுகுத்து நோட்டைப் பின்னொரு நாள் நான் புரட்டிப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 51 ரூபாய் இருந்தது. ‘கறி வேண்டாம்னு அன்னைக்கு அவன் சொன்னப்ப என் மனசுலயும் அதேதான் இருந்துச்சு’ என்று அப்பா சொன்னது அதற்கும் வெகு நாள் கழித்து.

கணக்கு இருப்பதாலோ பழக்கம் குறைவாக இருப்பதாலோ உறவு மேலோட்டமாவதில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மாற்றிச் சொல்ல இடமில்லாத உறவே மேலோட்டமானது. அது ஒரு நாளைக்கு மூன்று வேளை சேர்ந்து சாப்பிடுகிற உறவாக இருந்தாலும் சரி. பழக்கம் குறைந்த உறவுகளை நான் இழிவாக நினைப்பதில்லை. மார்க் கிரானோவெட்டர் என்பவர் 1973 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. பாஸ்டன் நகரத்துப் புறநகர்ப் பகுதியில், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6. அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. நெருங்கியவனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்தில் இருப்பவனிடமிருந்துதான் வரும். ஆகவே டவுன் பஸ்சில் தலையசைக்கிற நண்பரை விட்டுவிடாதீர்கள். வேலைதேடும் காலம் வருகிறது!

நம் இலக்கியத்துக்கு வந்தால், உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பாராமலே நட்பாயிருந்ததையும், சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் வந்து சேர்ந்ததையும் மேற்கோள் காட்டாத மேடை இல்லை. எனக்கு அதில் ஒரு சிறு குறை. அவர்கள் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்திருந்தால் சட்டை நிறத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. நடைமுறைக்கு வள்ளுவர்தான் கைகொடுக்கிறார். நட்பைச் சுற்றி ஐந்து அதிகாரங்கள் வைத்தவர், அவற்றில் ஒன்றை ஆராய்வதற்கும் இரண்டைத் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் ஒதுக்கினார். ஐம்பது குறளில் முப்பது எச்சரிக்கை! இடித்துரைப்பதையும் அவர் நட்பின் வேலைகளுள் ஒன்றாக வைத்தார் என்பது பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். கொத்தனார் மாமா எட்டாம் வகுப்பு.

மூன்றாம் ஆண்டில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஓர் இரவு பத்து மணிக்குப் பரோட்டாக் கடைக்குப் போனேன். அவன் கல்லில் நின்றுகொண்டிருந்தான். கூட்டம் குறைந்த பிறகு என் இலைக்கு இரண்டு பரோட்டா கொண்டுவந்து வைத்தான். மூன்று நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: “அன்னைக்கு நானும் சொல்லியிருக்கணும்டா.”

“சால்னா ஊத்தவா?” என்றான்.

சாப்பிட்டு எழுந்து நூறு ரூபாய் கொடுத்தேன். மீதியை ஒரு ரூபாய் வரை எண்ணி மேசையில் வைத்துவிட்டுக் கல்லுக்குத் திரும்பிப் போனான்.

இவ்வாண்டுப் பொங்கலுக்குச் சட்டைத் தொகை 1,100 ரூபாய் ஆயிற்று. அதே வேப்ப மரம். இம்முறை என் முறை வருமட்டும் காத்திருக்கவில்லை. “எனக்கு முடியாது, காசில்ல” என்று முதலிலேயே சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு மோதிரம் அடகு வைத்தவன், “எனக்கும்தான்” என்றான். பிறகு இன்னொருவன். ஆஷ் எழுதியது அப்படியே நடந்தது என்று எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி!

ஆனால் ஆஷின் மாணவர்கள் சோதனை முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மறுநாளும் அதே வகுப்புக்கு வர வேண்டும். பொங்கல் முடிந்த வாரம் எங்கள் மூவரையும் சேர்க்காமல் புதிய வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு யாருடன் உட்காருவது என்று தெரியாமல் நூலகத்தில் டிபன் பாக்ஸைப் பிரித்து, நூலகரிடம் திட்டு வாங்கினேன். மூவரில் ஒருவன் பிப்ரவரியில் அவர்களிடமே திரும்பிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்; தனியாகச் சாப்பிடுவது சிரமமான காரியம். அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். தலைவன் போல் இருந்தவன்தான் நான் காய்ச்சலில் கிடந்தபோது நோட்டுகளைப் படமெடுத்து அனுப்பினான். எதிரில் வந்தால் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு முன்பு சேர்ந்து சிரித்த சிரிப்புகளைவிடக் கொஞ்சம் நேர்மையானது என்றுகூட எனக்குப் படுகிறது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018 இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பராக 90 மணி. நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். ஒரே இடத்தில் வேலை செய்கிற நேரம் இதில் அவ்வளவாகச் சேராது; சும்மா இருந்து பேசிய நேரந்தான் கணக்கு. பொருளாதார மாணவனாதலால் நானும் கூட்டிப் பார்த்தேன். தீபாவளியிலிருந்து பெரும்பாலான சனிக்கிழமை இரவுகளில் பதினொரு மணிக்குக் கடைக்குப் போகிறேன். ஷட்டரை இழுக்க ஒரு கை கொடுப்பேன். பிறகு பேருந்து நிலையத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். வருகைப்பதிவைப் பற்றிப் பேசுவோம். அவன் தங்கையின் பிளஸ் டூ பற்றிப் பேசுவோம். சட்டையைப் பற்றி இருவரும் பேசியதில்லை. இதுவரை பதினாறு மணி நேரம் தேறும். ஆறாம் வகுப்பிலிருந்து இருந்த பழைய மணிகளை இதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஹால் சொல்லவில்லை.

சென்ற சனிக்கிழமை அவனே இரண்டு தேநீர் சொன்னான். நான் சட்டைப் பையில் கையை விட்டேன்.

“இருடா. அடுத்த வாரம் நீ குடு” என்றான்.